நாய்களின் இடுப்பு மூட்டுக் கோளாறு: எக்ஸ்ரே சொல்வதும் சொல்லாததும்

வடக்கில் மிதிவெடி அகற்றும் பணிகளில் மோப்ப நாய்களும் ஈடுபடுத்தப்பட்டதை எம்மில் பலர் அறிவோம். உலகெங்கும் இந்த வேலைக்குப் பழக்கப்படும் இனங்களில் ஜேர்மன் ஷெப்பர்டும் லாப்ரடோரும் முக்கியமானவை. வீட்டுக் காவலுக்கென அதிக விலை கொடுத்து வாங்கப்படுபவையும் இவைதான். இந்த இரு இனங்களிலும் அதிகம் காணப்படும் பரம்பரைக் கோளாறு, ‘ஹிப் டிஸ்பிளாசியா’ எனப்படும் இடுப்பு மூட்டுத் தளர்வாகும்.

தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்தில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். குட்டி வளரும் மாதங்களில் இந்தப் பிடிப்புத் தளர்ந்தால் எலும்புகள் உராய்ந்து மூட்டுவாதம் உண்டாகும். எழும்பச் சிரமப்படுதல், படியேறத் தயங்குதல், முயலைப்போல் இரு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து ஓடுதல் ஆகியன இதன் அறிகுறிகள். ஆனால் வெளியில் எந்த அறிகுறியும் காட்டாத நாய்க்கும் இக்கோளாறு இருக்கலாம். அதனால்தான் படம் எடுத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

படம் எடுக்கும் முறை

வழமையான முறையில் நாயை மல்லாக்காகக் கிடத்தி, பின்னங்கால்களைச் சமாந்தரமாகப் பின்னோக்கி நீட்டி, முழங்கால்களைச் சற்று உட்புறமாகத் திருப்பி எக்ஸ்ரே எடுக்கப்படும். உடல் சற்றுச் சரிந்திருந்தாலும் ஒரு பக்க மூட்டு உண்மையை விட மோசமாகத் தெரியும். தசைகள் தளர்ந்திருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்கப்படுகின்றது.

எலும்புத் தலையில் பாதிக்கு மேல் கிண்ணத்துக்குள் இருக்கின்றதா, விளிம்புகளில் புதிய எலும்பு வளர்ந்துள்ளதா என வைத்தியர் பார்ப்பார். ‘நோர்பேர்க் கோணம்’ என்ற அளவும் எடுக்கப்படும். இது 105 பாகை அல்லது அதற்கு மேல் இருப்பது நல்ல மூட்டின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது.

இந்த முறையில் ஒரு குறைபாடு உண்டு. கால்களை நீட்டும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறை முறுகி, எலும்புத் தலையைக் கிண்ணத்துக்குள் தள்ளிவிடுகின்றது. இதனால் தளர்வு மறைந்துபோகலாம். இதற்குத் தீர்வாக அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெயில் ஸ்மித் ‘பென்ஹிப்’ முறையை உருவாக்கினார். இதில் மூட்டை மெதுவாக வெளிநோக்கி விலக்கியும் ஒரு படம் எடுத்து, தளர்வு 0 முதல் 1 வரையான எண்ணாகக் கணிக்கப்படுகின்றது. 0.3 அல்லது அதற்குக் குறைவாயின் மூட்டுவாதம் வரும் சாத்தியம் மிகக் குறைவு.

எந்த வயதில்?

பென்ஹிப் பரிசோதனையை 16 வாரத்திலேயே செய்யலாம். அமெரிக்காவின் ஓ.எப்.ஏ. அமைப்பு 24 மாதங்களின் பின்னரே இறுதிச் சான்றிதழ் வழங்குகின்றது. பிரித்தானியத் திட்டத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 53 வீதம் மொத்தம் 106 புள்ளிகள். புள்ளி குறைந்தால் மூட்டு நல்லது.

வயது முக்கியமாவதற்குக் காரணம் சிகிச்சைதான். வளர்ச்சியைத் திசைதிருப்பும் சில சத்திரசிகிச்சைகள் குட்டிப் பருவத்தில் மாத்திரமே பயனளிக்கும். மூட்டுவாதம் தோன்றிய பின் மிஞ்சுவது நிறைக் கட்டுப்பாடு, வலி நிவாரணி, மூட்டு மாற்றுச் சிகிச்சை போன்றவையே.

படம் சொல்லாதது

எக்ஸ்ரே வலியை அளப்பதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டுடன் நன்றாக ஓடித்திரியும் நாய்களும் உண்டு. சிறிய மாற்றத்துடன் நொண்டும் நாய்களும் உண்டு. எனவே படத்தை மாத்திரம் வைத்து ஒரு நாயின் விதியைத் தீர்மானிக்கக் கூடாது. 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் அவதானித்த அமெரிக்க ஆய்வில், 25 வீதம் குறைவாக உணவளிக்கப்பட்டவற்றுக்கு மூட்டுவாதம் பல ஆண்டுகள் பிந்தியே வந்தது. கொழுத்த குட்டிதான் ஆரோக்கியமானது என்ற எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

குட்டி வாங்குவோர் தாய், தகப்பன் நாய்களின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்கும் கோளாறு என்பதால், நல்ல பெற்றோருக்கும் பாதிக்கப்பட்ட குட்டி பிறக்கலாம். ஆயினும் அறிக்கை பார்த்து வாங்கினால் அந்த ஆபத்துக் குறையும். கோளாறுள்ள நாயிலிருந்து குட்டி எடுக்காமல் விடுவது அதன் உரிமையாளரின் பொறுப்பு.