கோல சிலாங்கூரும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும்: பருவநிலை மாற்றம்

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்குமிடத்தில் கோல சிலாங்கூர் உள்ளது. வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள். உள்நாட்டுப் பக்கம் செம்பனைத் தோட்டங்களும் கரிச்சதுப்புக் காடும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது.

இங்கே எல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. கடலோர வயல்களையும் தோட்டங்களையும் மண்கரைகளும் மதகுகளும் காக்கின்றன. கடல் வற்றும்போது மதகு வழியே மழைநீர் வெளியேறும். ஓதம் ஏறினால் மதகை அடைத்துவிடுவார்கள். கடல்மட்டம் உயர உயர, மதகு திறந்திருக்கும் நேரம் குறையும். பெருமழையும் பெருத்த ஓதமும் ஒன்றுசேர்ந்தால் நீருக்குப் போக்கிடம் இல்லை. தாழ்நிலங்களில் தேங்கிய நீர் எவ்வளவு மெதுவாக வடியும் என்பதை 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் மக்கள் கண்டார்கள்.

கரிச்சதுப்பில் நிலைமை இன்னும் கடுமையானது. இந்த மண் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறிய மரக்கழிவால் ஆனது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்றுப் பட்டுச் சிதையும். கரியமில வாயு வெளியேறும். நிலமும் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அமிழும். ஒருபுறம் கடல் ஏற, மறுபுறம் நிலம் இறங்குகிறது! வறட்சியில் மண்ணுக்கடியில் தீ கனன்று புகைமூட்டம் எழும்.

வறட்சி செம்பனையை உடனே வாட்டுவதில்லை. பெண் பூக்கள் குறைந்து, மாதங்கள் கழித்தே குலைகள் குறையும். 2015-16 எல் நினோ வறட்சிக்குப் பின், நாட்டின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி சுமார் 2 கோடி டன்னிலிருந்து 1.73 கோடி டன்னாகச் சரிந்தது.

இப்பகுதியின் மிக உறுதியான தகவமைப்புப் பணி ராஜா மூசா கரிச்சதுப்பு வனக்காப்பகத்தில் நடக்கிறது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் ஊர்மக்களுடன் சேர்ந்து பழைய வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரம் நட்டு வருகின்றன. ஈரம் காத்த சதுப்பு தீயைத் தடுக்கும், நெல்வயல்களுக்கும் நீர் தரும். பல கோடி செலவாகும் கரைகளைவிட இந்த எளிய வழி கூடுதல் கவனத்துக்கு உரியது.

தோட்டங்களுக்கும் விதிகள் வந்துள்ளன. நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பின் 2018 நெறிகள், கரிச்சதுப்பில் புதிய நடவைத் தடுத்தன. மறுநடவுக்கு முன் அந்நிலத்தில் இனியும் நீர் வடியுமா என்று ஆராயுமாறு கூறின. மலேசியாவின் தேசியப் பருவநிலை மாற்றக் கொள்கை 2009இல் வந்தது. ஆனால் திட்டம் தீட்டுவோர், கொளுத்தும் வெயிலில் குலை வெட்டுவோரின் வேலைநேரத்தையும், தாழ்நிலக் குடியிருப்புகளையும் கரைகளுக்கு இணையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். எந்த வாய்க்கால் முதலில் நிரம்பும், எந்தப் பாதை முதலில் மூழ்கும் என்பது அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தோட்டக் குடும்பங்களுக்குத் தெரியும்.