இடிபாடுகளும் சிறுநீரகமும்

1940 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் இரவிரவாகக் குண்டு பொழியத் தொடங்கின. இடிந்த வீடுகளுக்கடியில் மணிக்கணக்கில் சிக்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், பிழைத்துக்கொண்டார்கள் என்று எல்லாரும் நிம்மதியடைந்த பிறகு இறந்துபோனார்கள்.

ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் அத்தகைய நால்வரைப் பற்றி 1941 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். இந்நோயின் போக்கு வஞ்சகமானது. மருத்துவமனைக்கு வரும்போது நோயாளியிடம் பெரிய ஆபத்து எதுவும் தெரியாது. பாரம் அழுத்திய கால் மட்டும் மரத்திருக்கும். சில மணி நேரத்தில் அந்தக் கால் விறைத்து வீங்கும். ரத்த அழுத்தம் சரியும். அதைச் சரிசெய்தாலும், பழுப்பாக இறங்கும் சிறுநீர் நாளுக்கு நாள் குறையும். ரத்தத்தில் யூரியா ஏறும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் மரணம். பிரேதப் பரிசோதனையில் சிறுநீரக நுண்குழல்களுக்குள் பழுப்பு நிற அடைப்புகள் தெரிந்தன. நசுங்கிய தசையிலிருந்து கசியும் மயோகுளோபின்தான் அந்த நிறத்துக்குக் காரணம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது.

உண்மையில் இது புதிய நோயல்ல. 1908 மெசினா நிலநடுக்கத்திலும் முதல் உலகப் போரிலும் ஜெர்மானிய மருத்துவர்கள் இதைக் கண்டிருந்தனர். ஜப்பானியரான மினாமி 1923இல் ஜெர்மன் மொழியில் எழுதியும் இருந்தார். லண்டனில் அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சிகிச்சையில் பெரிய திருப்பம் 1982இல் லெபனானின் டயர் நகரில் வந்தது. இடிந்த கட்டடத்திலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு, பாரம் நீக்கும் வேளையிலேயே சலைன் ஏற்றத் தொடங்கினார்கள். தசை நசுங்கிய ஏழு பேரில் ஒருவருக்கும் சிறுநீரகம் செயலிழக்கவில்லை. நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. ஆனால் பேரழிவுகளில் அந்த வேகம் எளிதில் வாய்ப்பதில்லை: 1999 மர்மரா நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கியில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

யாருக்குப் பாதிப்பு வரும் என்று முன்கூட்டி அறிவதுதான் கடினம். சிறுநீரகம் பழுதானதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறித் தெரிவதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ கழிந்துவிடும். அதனால் தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸின் அளவைப் பார்க்கிறார்கள். அது லிட்டருக்கு 5,000 அலகுகளைத் தாண்டினால் எச்சரிக்கை. இதய அறுவைக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் என்கேல் என்ற புரதம் இரண்டே மணி நேரத்தில் உயர்வது 2005இல் தெரியவந்தது. விபத்தில் அடிபட்டவரிடமோ காயத்தின் அழற்சியாலும் அது ஏறக்கூடும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை; எத்தனை மணி நேரம் சிக்கியிருந்தார், சிறுநீர் என்ன நிறம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.