குறி வைக்கப்பட்ட தெருக்கள்

செயற்கை நுண்ணறிவுக்கு மேற்பார்வை வேண்டும் என்று இன்று எல்லா அரசுகளும் பேசுகின்றன தோழர்களே. நெதர்லாந்தில் அந்த மேற்பார்வை எப்படி வந்தது என்று பாருங்கள்.

2014-இல் அங்கே 'சிரி' என்ற கணினி அமைப்புக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. (பெயர்தான் சிரி. மாட்டியவர்கள் சிரிக்கவில்லை.) வரி, வீடு, வேலை, உதவித்தொகை விவரங்களை ஒன்றாகக் கோத்து, யார் மோசடி செய்யக்கூடும் என்று அது கணித்தது. ஏவப்பட்டது ஏழைகளும் குடியேறிகளும் வாழும் பகுதிகள் மீது மட்டுமே. முகவரியே சாதியைச் சொல்லிவிடும் ஊர்களில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கமும் உரிமை அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. 2020 பிப்ரவரி 5 அன்று ஹேக் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

அதைவிடப் பெரிய கொடுமை வரித்துறையில் நடந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களைச் சலித்த அல்காரிதம், டச்சுக் குடியுரிமை இல்லாததையே ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. ஒரு கையெழுத்து விடுபட்டதற்கெல்லாம் பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். வீடுகள் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள்.

2021 ஜனவரியில் அமைச்சரவை பதவி விலகியது. மார்ச் தேர்தலில் அதே பிரதமர் ருட்டேயின் கட்சிதான் முதலிடம் பிடித்தது! டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அல்காரிதங்களைக் கண்காணிக்கும் தனிப்பிரிவு அந்த ஆணையத்தில் 2023-இல்தான் தொடங்கியது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அப்போதும் இழப்பீட்டுக்காகக் காத்திருந்தன.