ஊமத்தை: சிவன் தலைப் பூவும் திருடன் கைச் சரக்கும்

ஆம்பூர்ல ஒரு டேனரி சுவரோரம் ஊமத்தை பூத்திருந்ததைப் பார்த்தேன். சிவனுக்குச் சூட்டுற பூதான். ஆனா திருடனுக்கும் உதவியிருக்கு! 1563-ல கோவாவில் அச்சான நூலில் போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா சொல்றார்: ஒரு அடிமைப் பெண் தன் எஜமானிக்கு இதைக் கொடுத்து, அவளோட நகையைத் திருடிட்டா. இதைச் சாப்பிட்டவங்க சும்மா சிரிச்சுட்டே இருப்பாங்களாம். பிரிட்டிஷ் காலத்திலயும் வழிப்போக்கர் சாப்பாட்டுல கலந்து கொள்ளையடிச்சாங்க.

'ட்ரிப்'னு நினைச்சு இதைத் தேடுறவங்களுக்குத்தான் இந்தக் கதை. இதிலிருக்கிற அட்ரோபின், ஸ்கோபொலமின் மூளையில் அசிடைல்கோலினைத் தடுக்கும். வாய் வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும். இல்லாத ஆளோட பேசுவாங்க. அது பிரமைன்னு அவங்களுக்கே தெரியாது. செடிக்குச் செடி விஷ அளவும் மாறும், உயிரே போகலாம். யாராவது தின்னுட்டா, தூங்கினா தெளிஞ்சிடும்னு விடாதீங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க.