தறியும் சட்டகமும்

பரமக்குடி என்றதும் சிலருக்கு வைகை நினைவுக்கு வரும். வியாபாரிகளுக்கு மிளகாய்ச் சந்தை நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரிலும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள எமனேஸ்வரத்திலும் நெசவாளர் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு முதலில் நினைவில் எழுவது தறிச் சத்தந்தான். ஒரு பக்கம் சௌராஷ்டிரப் பேச்சு. மறு பக்கம் நாடா ஓடும் ஒலி. இரண்டும் கலந்ததே அந்தத் தெருவின் சங்கீதம்.

இக்காலத்தில் ஒரு நெசவாளர் சங்கமோ, மிளகாய் மண்டியோ தன் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற விரும்பினால், உடனே ஒரு கேள்வி எழுகிறது. கடையில் விற்கும் மென்பொருளை வாங்குவதா, தனக்கென்று தைத்துக் கொள்வதா? தைப்பது என்றால் எந்தக் கருவியால், எந்தச் சட்டகத்தின்மேல்? சட்டகம் என்று மென்பொருள்காரர்கள் சொல்வது வேறொன்றுமில்லை. தறியின் மரச்சட்டம் மாதிரிதான். உள்ளே நுழைபவர் யார் என்று விசாரிப்பது, எழுதியதைப் பத்திரமாக வைப்பது, கேட்டபோது எடுத்துத் திரையில் காட்டுவது போன்ற எல்லோருக்கும் பொதுவான வேலைகளை அது முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. நம்முடைய பாவை அதில் ஏற்றி, நமக்கு வேண்டிய சேலையை நெய்துகொள்ள வேண்டியதுதான்.

இது ஏதோ நேற்று முளைத்த சங்கடம் என்று நினைக்க வேண்டாம். கருவியைத் தேர்ந்தெடுக்கும் சங்கடம் நெசவாளருக்கு மிகப் பழையது. கணிப்பொறியின் வம்ச வரலாறே தறியிலிருந்து ஆரம்பமாகிறது என்றால் கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்து ஜக்கார் என்பவர், 1804-ம் ஆண்டை ஒட்டி, தறியின் தலையில் ஒரு பெட்டியை ஏற்றினார். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வந்து நின்றன. துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. அவ்வளவுதான் சூத்திரம். அட்டையை மாற்றினால் பூ மாறும். 1806-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் அந்தப் பொறியைப் பொதுச் சொத்து என்று அறிவித்து, ஜக்காருக்கு ஓய்வூதியமும் பொறி ஒன்றுக்கு இவ்வளவு என்று சன்மானமும் அளித்தது. பிழைப்புப் போய்விடுமோ என்று பயந்த நெசவாளர்கள் சில பொறிகளைக் கொளுத்தினார்கள். ஆயினும் 1812-ம் ஆண்டுக்குள் பிரான்சில் மட்டும் பதினோராயிரம் பொறிகள் ஓடலாயின. இன்று தமிழ்நாட்டுக் கைத்தறிகளின் தலையில் ஏறியிருக்கும் 'ஜக்கார்டு பெட்டி' அந்தப் பெட்டியின் கொள்ளுப் பேரப்பிள்ளை.

அதே அட்டைக்கு இன்னொரு தாயாதிக் கிளையும் உண்டு. அமெரிக்காவின் 1890-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார் ஹாலரித் என்பவர். அவர் ஆரம்பித்த தொழில் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து வளர்ந்து, 1924-ம் ஆண்டில் ஐ.பி.எம். என்ற பெயர் பூண்டது. லியோன் நகரத்துப் பொறிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். அது பொதுச் சொத்து. இது வாடகைச் சொத்து. பொறியை விலைக்குத் தர மாட்டார்கள், வாடகைக்குத்தான் தருவார்கள். அதில் போடும் அட்டையையும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிபந்தனை செல்லாது என்று 1936-ம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது! நம் தேசத்திலும் அந்தக் கம்பெனி பல காலம் வியாபாரம் செய்தது. அந்நிய முதலீட்டைப் பற்றிய சட்டத்துக்கு இணங்க மனமில்லாமல் 1978-ல் அது வெளியேறியது. அதனுடைய பொறிகளை நம்பியிருந்தவர்களின் கவலை எப்படி இருந்திருக்கும்! அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற அரசாங்க நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

இவ்விரு கிளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் சென்னை மாகாணத்துக்கு வருவோம். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், ஆல்பிரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேலத்தில் ஒரு கைத்தறித் தொழிற்சாலை நிறுவினார். நாடாவைக் கையால் எறியாமல் கயிற்றை இழுத்து ஓட்டும் தறி அப்போது இங்கே புதுசு. இங்கிலாந்தில் ஜான் கே 1733-லேயே கண்டுபிடித்தது. அதை நம்மவருக்குப் பழக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நெசவாளர்கள் என்ன செய்தார்கள்? தொழிற்சாலையில் மணி அடித்ததும் வந்து, மணி அடித்ததும் போகும் பழக்கம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மனைவி பாவு ஓட, குழந்தை நூல் சுற்ற, தன் வீட்டுத் தாழ்வாரத்தில் நெய்கிறவன் அவன். 1910-ல் மார்லி பிரபு, சர்க்கார் தொழில் நடத்துவது கூடாது என்று லண்டனிலிருந்து உத்தரவு போட்டுவிட, சேலத்துத் தொழிற்சாலையும் அந்தக் காலத்தோடு முடிந்தது. ஆனால் விசைநாடா முடியவில்லை. அது தொழிற்சாலையை விட்டுவிட்டு, வீடு வீடாகத் தானே நடந்து போய்ச் சேர்ந்தது.

கருவியை ஏற்றுக்கொண்டான், அதோடு கட்டிக்கொண்டு வந்த சட்டகத்தை வேண்டாம் என்றான். நெசவாளனைப் பிற்போக்காளன் என்று சொன்ன மேதாவிகள் இதைக் கவனிக்கவில்லை. வேலை செய்யும் முறைக்கு இசைந்த கருவி நிலைக்கும். கருவிக்காக வேலை செய்யும் முறையையே மாற்றச் சொன்னால் கருவி பரண்மேல் ஏறிவிடும். மென்பொருள் வாங்கிய எத்தனையோ கம்பெனிகள் லட்சக் கணக்கில் செலவழித்த பின்பு படித்த பாடம் இது.

வலையின் கதைக்கு வருகிறேன். டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் அதற்கு யோசனை எழுதினார். 1995-ம் ஆண்டை அதன் கருவிகள் பிறந்த வருஷம் என்றே சொல்லலாம். பி.எச்.பி., ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அந்த ஒரே வருஷத்தில் உலகத்துக்கு அறிமுகமானவை. ஆனால் நான் சொல்ல விரும்புவது சட்டகங்களின் பிறப்பைப் பற்றி. சிகாகோவில் ஒரு சிறு கம்பெனி, வேலைகளைப் பங்கிட்டுக் கவனிப்பதற்காக 'பேஸ்கேம்ப்' என்ற மென்பொருளைச் செய்தது. அதற்குள்ளிருந்த பொதுப் பகுதியை மட்டும் உருவியெடுத்து 2004-ல் எல்லோருக்கும் வழங்கினார் ஹான்சன் என்ற டேனிஷ் இளைஞர். அதுதான் 'ரூபி ஆன் ரெயில்ஸ்'. கான்ஸாஸில் லாரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை ஆபீசில், செய்தி அச்சுக்குப் போகும் அவசரத்தில் பிறந்தது 'ஜாங்கோ'. 2005-ல் அதுவும் பொதுவுக்கு வந்தது. மும்பையில் மரச்சாமான் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை ரூஷப் மேத்தா, அந்தத் தொழிலுக்கு வாங்கிய பெரிய மென்பொருள் சரிப்பட்டு வராததைக் கண்டு, தாமே ஒன்றைச் செய்யப் புகுந்தார். அதிலிருந்து பிறந்தவை 'இ.ஆர்.பி. நெக்ஸ்ட்' என்ற கணக்கு மென்பொருளும், அதைத் தாங்கும் 'ஃப்ராப்பே' என்ற சட்டகமும்.

மூன்றிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. நிபுணர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வரைந்த சட்டகங்கள் அல்ல இவை. ஒரு வேலை முதலில் நடந்தது. அந்த வேலையின் உடம்பிலிருந்து எலும்புக்கூடு கிடைத்தது. மூன்றுமே லியோன் பெட்டியைப்போல் பொதுச் சொத்தாக்கப்பட்டவை.

வாடகைக் கிளையும் வாடிவிடவில்லை. நம் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஆபீஸ் நடத்துகிற 'ஸோஹோ' கம்பெனியாரின் 'கிரியேட்டர்' 2006-ல் வந்தது. அதிகம் எழுதத் தெரியாதவரும் படிவத்தை இழுத்து வைத்துக் கணக்கு மென்பொருள் செய்துகொள்ளலாம். பத்து நாளில் வேலை முடியும். பழுது பார்க்க ஆளைத் தேட வேண்டியதில்லை. கணிப்பொறிக்காரரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாத சிறு சங்கத்துக்கு அது பெரிய சௌகரியம். வாடகை வீடு கேவலமா என்ன? ஆனால் குடி போகுமுன் ஒன்று கேட்டு வைக்க வேண்டும். நாளைக்குக் காலி செய்தால் நம் சாமானை எடுத்துக்கொண்டு போகலாமா?

இந்தக் கேள்வி பொதுச் சொத்துக்கும் உண்டு. சட்டகங்களுக்கு ஆயுள் சொற்பம். கூகிள் கம்பெனியார் 2010-ல் தந்த 'ஆங்குலர் ஜே.எஸ்.' பெரிய புகழ் பெற்றது. 2016-ல் அவர்களே அதை அடியோடு மாற்றி எழுதினார்கள். பழையதற்கு இருந்த ஆதரவும் 2021-ம் ஆண்டின் கடைசி நாளோடு நின்றது. அதை நம்பிக் கட்டியவர்கள் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. சட்டங்களும் சும்மா இருப்பதில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது தேசத்திலுள்ள கணக்கு மென்பொருள் அத்தனையும் சட்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாறாதது எது? அதற்கும் நம் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. பரமக்குடி ஸ்டேஷனிலிருந்து சென்னைக்குப் போகிறவர் டிக்கெட் பதிவு செய்கிறாரே, அந்த முறை 1985-ல் டில்லியில் சி.எம்.சி.யார் ஆரம்பித்து வைத்தது. பல நகரங்களில் தனித்தனியே இருந்த கணக்கு 1999-ல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டது. 2002-ல் வலை வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்ய வழி பிறந்தது. முகப்பு மாறிக்கொண்டே வந்தது. ஆனால் எந்த வண்டி, எந்தப் பெட்டி, எந்தப் படுக்கை, யாருக்கு என்ற கணக்கின் கட்டுக்கோப்பு தொடர்ந்து வந்தது. வீட்டை இடிக்காமல் புது வாசல் வைத்தார்கள்.

ஆகவே நெசவாளர் சங்கத்துக்கு மென்பொருள் செய்ய வருகிறவரிடம் 'எந்தச் சட்டகம்?' என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். முதலில் அவர் பத்து நாள் சங்கத்தில் உட்காரட்டும். நூல் எப்படி நிறுத்துத் தரப்படுகிறது, ஜரிகை எடை எப்படிக் கழிகிறது, சேலை வந்ததும் கூலி எப்படிப் போடப்படுகிறது, தள்ளுபடிக் காலத்தில் கணக்கு எப்படிப் புரள்கிறது என்று பார்க்கட்டும். அவர் போய்விட்டால் இந்த ஊரிலோ மதுரையிலோ அந்தக் கருவி தெரிந்த இன்னொருவர் கிடைப்பாரா என்று இரண்டாவதாகக் கேட்கலாம். கணக்கு முழுவதையும் சாதாரண அட்டவணையாக என்றைக்கும் எடுக்க முடியுமா என்பது மூன்றாவது. இவற்றுக்குப் பதில் வந்தபின், பி.எச்.பி.யோ ஜாங்கோவோ ஃப்ராப்பேயோ வாடகைக் கருவியோ, ஏதானாலும் பெரிய மோசம் வந்துவிடாது.

அந்த மூன்றாவது கேள்வியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டுறவுச் சட்டம் 1904-ல் வந்தது. அதே ஆண்டிலேயே திருவள்ளூர் பக்கத்தில் திரூரில் சங்கம் எழுந்தது. 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. எதற்காக இவ்வளவும்? தறி நெசவாளன் வீட்டில்தான் இருந்தது, உழைப்பும் அவனுடையதுதான். ஆனால் நூல் கடனும் கூலி பாக்கியும் எழுதியிருந்த நோட்டு முதலாளியின் பெட்டிக்குள் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தான். அந்த நோட்டை மீட்டுத் தங்கள் சங்கத்து மேஜைமேல் விரித்து வைக்கத்தான் நெசவாளர்கள் கூட்டுறவு கண்டார்கள். அதை மறுபடியும் யாரோ ஒருவருடைய, நமக்குத் திறக்கத் தெரியாத பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்கு, எவ்வளவு அழகான மென்பொருளும் ஈடாகாது.