கடற்போரும் சயாம் இருப்புப் பாதையும்

உலகப் போரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படையெடுப்புகளையும் முற்றுகைகளையும் கடற்போர்களையும் நிரல்படக் கூறி அமைவர். அந்நிரலில் இடம்பெறாத ஒரு துயரம் அப்போர்களின் நேர்விளைவாக நிகழ்ந்திருக்குமாயின், அதனை விடுத்தெழுதும் வரலாறு குறையுடையதேயாம். இரண்டாம் உலகப் போரில் அமைக்கப்பெற்ற சயாம்–பர்மா இருப்புப் பாதையைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1941 திசம்பர் 8-ஆம் நாள் சப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும், மார்ச்சு 8-இல் இரங்கூனும் வீழ்ந்தன. பர்மாவில் நின்ற படைக்கு வேண்டுவன யாவும் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பல்களிற் செல்ல வேண்டியிருந்தன. அவ்வழியோ நேசநாட்டு நீர்மூழ்கிகளின் தாக்குதலுக்கு உட்படுவது. 1942 சூன் 4 முதல் 7 வரை நிகழ்ந்த மிட்வேப் போரில் சப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. நிலவழி அமைக்கும் எண்ணம் முன்னரே இருந்ததாகலின், மிட்வே ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் கடல்வலி குன்றிய நிலையில் நிலவழியின் தேவை மிகுந்தது என்பது தெளிவு. அச்சூன் திங்களிலேயே பாதைக்கான ஆணையும் பிறந்தது.

சயாமின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தான்பியூசயாத்தையும் இணைத்த அப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. இரு முனைகளினின்றும் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் நிறைவெய்தியது. அதில் ஈடுபடுத்தப்பெற்ற போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவருள் மாண்டோர் 12,000-க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரின் தொகையை ஆய்வாளர் 2,00,000 அளவினதாக மதிப்பிடுவர். அவருள் 90,000 பேர் வரை மாண்டனர் என்பாரும் உளர். பர்மியர், மலாய் மக்கள், சாவகத்தார் ஆகியோருடன் மலாயாத் தோட்டத் தமிழரும் அவருட் பெருந்தொகையினர். போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்று வேலையிழந்த அவர்கள், முதலிற் கூலியாசை காட்டியும் பின்னர் வலிந்தும் கொண்டுசெல்லப்பட்டனர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி அவர்தம் குடிசைகளைச் சூறையாடியது.

இவ்விரு சாராரின் சாவும் ஒரே பாதையில் நிகழ்ந்திருப்பினும், நினைவு ஒரு தன்மைத்தாக அமையவில்லை. போர்க்கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தோர் பெயர்கள் மறைவாகவேனும் குறிக்கப்பட்டன. ஆகலின் காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர்க்கு இடம் அமைந்தது. தொழிலாளர்க்கு அத்தகைய அமைப்பு யாதும் இல்லை. குடும்பமாகச் சென்றோர் குடும்பமாகவே மடிந்த இடத்துப் பெயர் சொல்வாரும் இலராயினர்.

போரில் வீழ்ந்தான் பெயரைக் கல்லிற் பொறித்து நடுதல் தமிழரின் தொன்மரபு. தொல்காப்பியப் புறத்திணையியல் அதனை முறைப்படுத்திக் கூறுகின்றது. அம்மரபினையொட்டி 2023-ஆம் ஆண்டில் காஞ்சனாபுரியில் இத்தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டப்பெற்றது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினம் அவர்தம் வாழ்வை முன்னரே இலக்கியமாக்கியது. கல்லும் புதினமும் தம் கடனைச் செய்தன. பெயர்களைத் தேடுதல் எஞ்சியுள்ளது. தோட்டக் குடும்பங்களின் வாய்மொழியும் கடிதங்களும் மறையுமுன் அவற்றைத் தொகுத்தல் நம் ஆய்வுலகின் கடமையாகும். மிட்வேயிற் கவிழ்ந்த கப்பல்களின் பெயர்களை அறிந்துள்ள வரலாறு, பாதையோரம் வீழ்ந்த மாந்தரின் பெயர்களையும் அறிதல் வேண்டும்.