பக்கத்தில் எங்கே இருக்கிறது? ஆட்டிசம் குடும்பங்கள் கேட்ட ஒரு கேள்வியின் வரலாறு

2010 டிசம்பர். அக்கா பையனுக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஃபேன் சுற்றுவதை மட்டும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "நீங்க வேலைக்குப் போறீங்க இல்ல, அதான். வீட்ல இருந்து பேசிப் பழக்குங்க, சரியாயிடும்" என்றார். அக்கா ஒரே வாரத்தில் டீச்சர் வேலையை விட்டாள். பையன் அப்போதும் பேசவில்லை. ஒரு வருடம் வீணானதுதான் மிச்சம்.

பிறகுதான் ஆட்டிசம் என்று தெரிந்தது. தேடித் தருகிறேன் என்று நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். தேடல்தானே நம்ம தொழில்! கிடைத்ததெல்லாம் சென்னை, பெங்களூர் முகவரிகள். தினமும் பயிற்சி தேவைப்படும் குழந்தைக்கு எட்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மையத்தால் என்ன பயன்?

அந்த டாக்டரின் வாக்கியம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. பல வருடம் கழித்து ஆட்டிசத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது, அதற்கு வயது அறுபதுக்கு மேல் என்று தெரிந்தது.

அமெரிக்காவில் லியோ கேனர் 1943ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனிக் குறைபாடாக விவரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பழி பெற்றோர் மேல் விழுந்தது. பாசம் காட்டாத, ஃபிரிட்ஜ் மாதிரி சில்லிட்ட அம்மாக்களால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967ல் எழுதிய புத்தகம் இதைப் பொதுமக்களிடமும் கொண்டுபோனது. இந்தக் கருத்தின் விளைவைக் கவனியுங்கள். தப்பு அம்மா மேல் என்றால் குழந்தைக்குப் பள்ளி, பயிற்சி என்று எதையும் அமைக்க வேண்டிய அவசியமே இல்லை. சேவை இல்லாததற்கு அதுவே ஒரு சாக்கு.

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. காரணம் வளர்ப்பு அல்ல, உடல் சார்ந்தது என்று 1964ல் புத்தகம் எழுதினார். அதன் கடைசியில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. நாடு முழுவதும் இருந்து பெற்றோர்கள் அதை நிரப்பி அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு முகவரி! தனித்தனியாகத் தவித்தவர்கள் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1965ல் அமெரிக்கப் பெற்றோர் சங்கம் உருவானது. லண்டனில் பெற்றோர்கள் 1962லேயே சங்கம் தொடங்கியிருந்தார்கள். 1969ல் அமெரிக்கச் சங்கத்தின் கூட்டத்தில், பெற்றோர் மேல் தப்பில்லை என்று கேனரே எழுந்து நின்று சொன்னார்.

அந்தச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர் ரூத் சல்லிவன். ஏழு பிள்ளைகளின் தாய், அதில் ஒருவருக்கு ஆட்டிசம். 1970களில் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் நகரில் இருந்தபடி சங்கத்தின் தகவல் சேவையை நடத்தினார். "எங்கள் ஊர்ப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வதுதான் வேலை. பல இடங்களில் ஒன்றுமே இல்லை. ஆகவே சட்டத்துக்காகவும் வாதாடினார். குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி என்ற அமெரிக்கச் சட்டம் 1975ல் வந்தது.

இந்தியாவிலும் கதை இதேதான், கொஞ்சம் தாமதமாக. 1991ல் டெல்லியில் மெர்ரி பரூவா என்ற தாய் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1995ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு குறைபாடுகள் இருந்தன, அதில் ஆட்டிசம் இல்லை. 1999ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அந்தச் சொல் முதலில் இடம்பிடித்தது. 2016ன் சட்டம் பட்டியலை 21 ஆக்கி ஆட்டிசத்தையும் சேர்த்தது.

இதனால் ஊர் மட்டத்தில் என்ன மாறியது? 2013ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்தன. பள்ளி வயதுக் குழந்தைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் உண்டு. அடையாள அட்டைக்கும் உதவித்திட்டங்களுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவத்துக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும். முட்டுக்காட்டில் 2005ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. ஒரு சின்ன விஷயம்: தமிழக அரசுத் தாள்களில் ஆட்டிசம் உள்ளவர்களை 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் தேடும்போது அதையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி அரசாணை கண்ணில் படாது.

பையனுக்கு இப்போது 18 தாண்டிவிட்டது. 18 ஆனதும் பெற்றோர் சட்டப்படி தானாகவே காப்பாளர் இல்லை. கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு போட்டு நியமனம் வாங்க வேண்டும். இதை எங்களுக்கு எந்த அலுவலகமும் சொல்லவில்லை. பயிற்சி மையத்தில் பழக்கமான ஒரு அம்மா சொன்னார்.

மனு கொடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். வராண்டாவில் நான்கு வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். "அக்கா, ஸ்பீச் தெரபி இங்க பக்கத்துல எங்க இருக்கு?" என்று கேட்டார். அக்கா கையில் மீதமிருந்த ஜெராக்ஸ் தாளைத் திருப்பி, எந்த மையம், எந்தப் பஸ், எந்த நாளில் கூட்டம் குறைவு என்று எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் எங்கள் டோக்கன் நம்பர் போய்விட்டது.

"பரவால்லடா, அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்" என்றாள்.